பின்சக்கரத் தடம்

அந்த ஐப்பசியில் நான் சேற்றில் விழுந்தது அதுதான் முதல் முறை என்றில்லை. ஆனால் அன்றைக்குத்தான் மாத்திரை டப்பா திறந்துகொண்டது. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில், மாட்டுவண்டித் தடத்தில் தேங்கிய தண்ணீரில், செம்பழுப்பு மாத்திரைகள் மிதந்துகொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றின் கூடு கரைந்து, தண்ணீர் சிவப்பாகிப் பரவியது. முழங்கை சிராய்த்து எரிந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஒரு பெண்ணின் ஒரு மாதத்து மருந்து கண்முன்னால் சேறாகப் போனதை நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தொழுநோய்ப் பணிக்கான பயிற்சியை முடித்துவிட்டு, தர்மபுரியில் ஒரு சிறிய மருத்துவ மையத்தில் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தேன். வத்தல்மலை அடிவாரத்துக் கொட்டாய்கள் என் பகுதி. சின்னச் சின்ன ஊர்களை எங்கள் பக்கம் கொட்டாய் என்போம். பத்து வீடு, இருபது வீடு, நடுவில் வயல், மறுபடி பத்து வீடு. பஸ் ஊர் முகப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் சைக்கிள்தான்.

புதிய கூட்டு மருந்து அப்போதுதான் வந்திருந்தது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் ஆறு மாதத்தில் நோய் முழுவதும் போய்விடும். மாதத்தில் ஒரு நாள் நோயாளி என் கண்ணெதிரில் மருந்தை விழுங்க வேண்டும். மற்ற நாட்களுக்கான மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வருவேன். மருந்து எளிது. அதைக் கொண்டு சேர்ப்பதுதான் சிரமம். நான் எதற்காக வருகிறவள் என்று எல்லோருக்கும் தெரியும். 'நர்சம்மா' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், ஆனால் நான் எந்த வீட்டுக்குள் நுழைகிறேன் என்று பார்ப்பார்கள். அதனால் பயிற்சியிலேயே எங்களுக்குச் சில விதிகள் சொல்லப்பட்டிருந்தன. நோயாளியின் வாசலில் வண்டியை நிறுத்தக் கூடாது. வழியில் பார்த்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இவற்றோடு நானே சிலவற்றைச் சேர்த்துக்கொண்டேன். ஒரே கிழமையில் போகக் கூடாது. டப்பாவில் எதையும் எழுதி ஒட்டக் கூடாது. எதையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டால்தான் எனக்கு நிம்மதி.

சேற்றில் கரைந்த மருந்துக்கு உரிய பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. வலது தோள்பட்டைக்குக் கீழே, எட்டணா அளவில் ஒரு வெளிறிய தேமல். எண்ணெய் தேய்த்துவிடும்போது அவளுடைய அம்மா பார்த்து, யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி மையத்துக்குக் கூட்டி வந்தார். மூன்று மாத மருந்து முடிந்திருந்தது, சேற்றில் போனது நான்காவது. இடையில் மாரண்டஹள்ளியில் காய்கறி மண்டி வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்து, தையில் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். கார்த்திகையில் பாக்கு வெற்றிலை மாற்றுவதாக ஏற்பாடு. நான்காவதுக்குப் பிறகும் இரண்டு மாத மருந்து பாக்கி. அது முடிந்தால் அந்தத் தேமல் வெறும் தேமல். முடிவதற்குள் வெளியில் தெரிந்தால் அவளுக்குக் கல்யாணம் என்ற பேச்சே ஊரில் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் நான் இருந்தேன், தேய்ந்து வழவழப்பான இரண்டு டயர்களோடு.

அன்று மையத்துக்குத் திரும்பி வேறு மருந்து வாங்கிக்கொண்டு மறுநாள் நடந்தே போய்க் கொடுத்தேன். மற்ற ஊர்களுக்கு அன்று போக முடியவில்லை. முதல் காரியமாக டயரை மாற்ற வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த சைக்கிள் கடைக்காரருக்கு ஊரே கேட்கிற குரல். டயர் என்றதும் கையில் கிடைத்ததை எடுத்து நீட்டினார். நான் அதை வாங்காமல் என் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். இருபத்தாறு அங்குல ரிம்மில் சரியாக உட்காருமா? மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழைய இடம் இருக்குமா? கருவேல முள்ளைத் தாங்குமா? சேற்றைப் பிடிக்குமா? பிடித்த சேற்றை விடுமா?

"ஏங்க சிஸ்டரு, டயரு வாங்க வந்தீங்களா, டயருக்குப் பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர். "கொலம் கோத்தரம் ஒண்ணுதான் பாக்கி. அதையும் கேட்டுடுங்க."

"அதை நான் கேட்க மாட்டேங்க. சேத்துல நிக்குதான்னு மட்டும் பாக்கணும்."

"சேத்துல எருமைதான் நிக்கும். டயரு ஓடும்."

கடையில் மூன்று வகை இருந்தன. ஒன்று நீளவாக்கில் கோடு போட்டது, ஊரில் எல்லோரும் போடுவது. இரண்டாவது பட்டன் பட்டனாகப் புடைத்தது. மூன்றாவது மேலே பரணில் தூசி படிந்து கிடந்தது. டிராக்டர் டயரைச் சின்னதாகச் செய்ததுபோல் இரண்டு பக்கமும் சாய்ந்த தடித்த கட்டைகள், நடுவில் ஒரு கட்டை. பெங்களூரிலிருந்து யாரோ தள்ளிவிட்டுப் போனதாம். கனம் என்று யாரும் வாங்கவில்லை.

கடைக்கு முன்னால் சாக்கடையை ஒட்டி நல்ல களிமண் சேறு இருந்தது. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் அழுத்தி உருட்டினேன். நின்று பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள். கோடு போட்ட டயர் சேற்றின் மேல் வழுக்கியது. பட்டன் டயர் நன்றாகப் பிடித்தது, ஆனால் இரண்டு சுற்றில் பட்டன்களுக்கு நடுவே மண் நிறைந்து அதுவும் மொட்டையாகிவிட்டது. டிராக்டர் கட்டை டயர் மட்டும் மண்ணைக் கடித்தது, தட்டியதும் கட்டிகட்டியாக உதிர்த்தது.

"புடிச்சா உடணும், அதானே உங்க கணக்கு?" என்றார் கடைக்காரர். "எங்க வூட்டு மாப்பிள்ளைக்கு அந்தக் கொணம் இருந்தா நல்லாயிருக்கும்."

அந்தக் கனம் முன்சக்கரத்துக்குத் தேவையில்லை, தள்ளுகிற சக்கரத்துக்குத்தான் பிடிமானம் வேண்டும் என்று யோசித்து, கட்டை டயரைப் பின்னால் மட்டும் போடச் சொன்னேன். முன்னால் புதுக் கோடு டயர். மட்கார்டு கம்பிக்கு வாஷர் வைத்து அரை விரல் உயர்த்தச் சொன்னேன். சேற்று நாட்களில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுவது என்றும் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் விழவில்லை. ஆண்கள்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் வாய்க்கால் மேட்டில் என் வண்டி முனகிக்கொண்டே ஏறியது. மழை நாளில் காலையில் புறப்பட்டால் மாலைக்குள் எல்லா ஊர்களையும் முடித்துவிட முடிந்தது. வீட்டுக்குப் போகாமல், அவர்களுடைய கடைசி வயலில் பம்புசெட் இருக்கும் மோட்டார் கொட்டாயில் அந்தப் பெண்ணுக்கு ஐந்தாவது மாத மருந்தைச் சொன்ன நாளில் கொடுத்தேன். அவளுக்குத் தேமல் ஓரத்தில் நிறம் திரும்ப ஆரம்பித்திருந்தது. அதன் பிறகும் இரண்டு முறை போனேன், மற்ற நாட்களுக்கான மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாளா என்று எண்ணிப் பார்க்க. என் தேர்வைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் இருந்தது.

கார்த்திகையில் சில நாட்கள் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. அப்படி ஒரு காலையில் ஊர் முகப்பில் டீ குடிக்க நின்றேன். பஸ் நிற்கும் இடத்தில் அந்த டீக்கடை. நடத்தியவர் நாற்பது வயதிருக்கும் ஓர் அக்கா. புருஷன் இல்லை. கொதிக்கக் கொதிக்கக் கிளாஸை வெறும் கையில் எடுத்து நீட்டுவார், நான் முந்தானையில் பிடித்து வாங்குவேன். "நர்சம்மா கை பூவு" என்று கேலி செய்வார்.

அன்று கிளாஸைக் கொடுத்துவிட்டு, "கடைசி வயலு மோட்டார் கொட்டாய்க்கு அடிக்கடி போறீங்களாட்டம்?" என்றார்.

நான் கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன். "யாரு சொன்னாங்கக்கா?"

"யாரு சொல்லோணும்? உங்க வண்டிதான் சொல்லுது." கரண்டியால் சாலையைக் காட்டினார். "ஊருல எல்லா வண்டியும் பாம்பு போனாப்புல கோடு போட்டுட்டுப் போவுது. உங்குளுது மட்டும் மயிலு நடந்தாப்புல போவுது. வெரலு எந்தப் பக்கம் நீட்டியிருக்குதோ அந்தப் பக்கம் போயிருக்கீங்கன்னு அர்த்தம். போனதும் தெரியுது, வந்ததும் தெரியுது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், "எங்க மாட்டுக்கு லாடம் அடிச்சாக்கூட இவ்ளோ தெளிவா பதியாதுங்க" என்று சிரித்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். இத்தனை நாளும் முன்னால் பார்த்தே ஓட்டியிருக்கிறேன், பின்னால் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஈரத்தில் பதிந்த தடம் வெயிலில் இறுகி, அச்சு வார்த்ததுபோல் கிடந்தது. சாய்ந்த இரண்டு கட்டை, நடுவில் ஒன்று. சாலையிலிருந்து பிரிந்து வண்டிப் பாதையில் இறங்கி, வேறு எந்தச் சைக்கிளும் போகாத வாய்க்கால் மேட்டில் ஏறி, நேராக அந்த வயலை நோக்கி. போன தடம் பக்கத்தில், திரும்பி வந்த தடம். அதன் மேல் இன்னொரு முறை போன தடம். வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது, பேர் சொல்லக் கூடாது என்று எத்தனை கவனமாக இருந்தேன். அத்தனை நாளும் என் பின்சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "அங்க தண்ணி நல்லாயிருக்கும்னு குடிக்கப் போவேன்க்கா" என்றேன்.

"என் கடை முன்னாடியே பைப்பு இருக்குது." அக்கா குரலைத் தாழ்த்தினார். "அது போகுட்டும். வாய்க்கா மேட்டத் தாண்டுனதுலருந்து யாரோ முள்ளு போட்டு இழுத்துத் தடத்த அழிச்சிருக்காங்க. சும்மா போன வண்டித் தடத்த எதுக்குங்க அழிக்கோணும்? வெள்ளிக்கெழம மாரண்டஹள்ளிக்காரங்க பாக்கு வெத்தல மாத்த வர்றாங்க. பஸ்ஸு இங்கதான் நிக்கும். பொண்ணு வூடு எப்படின்னு எங்கிட்டத்தான் கேப்பாங்க. நாளைக்கி ஒண்ணுன்னா, ஏம்மா நீ சொல்லலியேன்னு என்னையில்ல கேப்பாங்க?"

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் பக்கம் அது வழக்கம். சம்பந்தம் பேச வருகிறவர்கள் ஊர் முகப்பு டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ சொல்லிவிட்டு, பெண் வீட்டைப் பற்றி நாலு வார்த்தை விசாரிப்பார்கள். கடைக்காரர் சொல்வதற்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பைத்தான் அவர் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார்.

சைக்கிளைக் கடையிலேயே விட்டுவிட்டு, சுற்று வழியில் நடந்து அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் வீட்டோரப் பந்தலில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். தடத்தைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"நான் அன்னிக்கே பாத்தனுங்க" என்றார். "நீங்க போனதும் முள்ளு வெட்டி இழுத்துட்டு வருவேன். எங்க வயலு வரைக்கும் அழிச்சுட்டேன். மேட்டுக்கு அந்தாண்ட பொதுப் பாதை, அங்க நின்னு இழுத்தா பாக்கறவங்க கேப்பாங்களே."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேங்க?"

"சொன்னா வர மாட்டீங்களோன்னு பயந்துட்டனுங்க, சாமி. இன்னும் ஒரு மாசந்தான் பாக்கின்னீங்களே."

முள் இழுத்த அந்தப் பட்டையை நானும் பார்த்தேன். சிவப்பு மண்ணில் சீவி விட்டதுபோல் அகலமாய், மேட்டிலிருந்து மோட்டார் கொட்டாய்க் கதவு வரைக்கும். என் தடம் சொன்னதைவிட அது அதிகமாகச் சொன்னது. தடம் ஒரு கேள்வி என்றால், அழித்தது அதற்குப் பதில் போல ஆகிவிட்டிருந்தது. அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கைகளில் முள் கிழித்த கீறல்கள் இருந்தன.

பெண் உள்ளேயிருந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன்.

சைக்கிள் டீக்கடையிலேயே இருக்கட்டும் என்று பஸ்ஸில் திரும்பும்போது வழிகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். டயரைக் கழற்றிவிடலாம், ஆனால் பதிந்த தடம் பதிந்ததுதான். மழை வந்து கரைக்கலாம், வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்று சொல்ல முடியாது. டீக்கடை அக்காவிடம் கெஞ்சலாம், கெஞ்சினால் அதுவே ஒப்புதல். எல்லாவற்றையும் அடித்துவிட்ட பிறகு ஒன்று மிஞ்சியது. தடத்தை அழிக்க முடியாவிட்டால், எல்லா வாசலிலும் போட்டுவிடுவது.

வீடு வீடாக எல்லோரையும் பரிசோதிக்கும் வேலை எங்களுக்கு வருடா வருடம் உண்டு. அந்தப் பகுதிக்குத் தையில் வைத்திருந்தார்கள். அதை இப்போதே செய்கிறேன் என்று மையத்து டாக்டரிடம் கேட்டேன்.

"மழைக்காலத்துல யாராவது சர்வே பண்ணுவாங்களா?" என்றார்.

"டயர் நல்லா இருக்குங்க டாக்டர்" என்றேன்.

மறுநாள் அதிகாலை ஒரு தூறல் விழுந்து மண்ணை மறுபடி ஈரமாக்கியிருந்தது. முதல் வீடாக டீக்கடை அக்காவின் வீட்டையே தேர்ந்தெடுத்தேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. வேண்டுமென்றே வண்டியை ஓட்டிக்கொண்டு கோலம் போட்ட வாசல் வரை போய் நிறுத்தினேன். அக்கா வெளியே வந்து கீழே பார்த்தார். வாசல் நெடுக மயில்கால்.

"என்னங்க நர்சம்மா இது? என் வாசல்ல எதுக்கு வண்டிய உட்டீங்க? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"எல்லா வூட்டுக்கும் போறேன்க்கா. வருசா வருசம் பாக்கறதுதானே. கடைசி வயல் பக்கமிருந்து ஆரம்பிச்சேன், இப்போ ஊருக்குள்ள வந்துட்டேன்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். நம்பினாரா தெரியவில்லை. ஆனால் அந்தத் தடம் இப்போது அவர் வாசலிலும் இருந்தது. உடனே தெருவைப் பார்த்து, போகிறவர்களுக்குக் கேட்கும்படி, "எல்லா வூட்டுக்கும் வர்றாங்களாம்! சும்மா ஒடம்பு பாக்கத்தான்! உங்க வூட்டுக்கும் வருவாங்க, எங்கயும் போயிடாதீங்க!" என்று குரல் கொடுத்தார். நான் நினைத்தது நடந்துவிட்டது. இனி அந்தத் தடத்துக்கு அவரே விளக்கம் சொல்வார்.

"வந்ததுக்கு உங்களையும் பாத்துடறேன்க்கா" என்று உள்ளே போனேன். அது வெறும் கடமைக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து முதுகைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ரவிக்கைக் கையை ஏற்றச் சொன்னேன். வலது முழங்கைக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய இடம். அடுப்புச் சூடாக இருக்கும் என்று நினைத்தேன். பஞ்சைத் திரித்து முனையாக்கிக்கொண்டேன்.

"கண்ண மூடிக்கங்க. நான் தொடற எடத்த வெரலால காட்டணும்."

தோளில் தொட்டேன். காட்டினார். மணிக்கட்டில் தொட்டேன். காட்டினார். அந்த வெளிறிய இடத்தில் தொட்டேன். அவர் காத்திருந்தார். மறுபடி தொட்டேன். இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தி.

"தொடுங்க நர்சம்மா" என்றார் கண்ணை மூடியபடியே. "கடையில பாலு பொங்கிடும். எவ்ளோ நேரம் இப்படியே உக்காந்திருக்கறது?"

என் கை அங்கேயே நின்றது. பயிற்சியில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், எத்தனையோ பேரிடம் செய்திருக்கிறேன். ஆனால் ஒருவரைச் சமாளிக்க வந்த இடத்தில், அவர் தோலின் மேல் என் பஞ்சு இருக்கும்போதே "தொடுங்க" என்று அவர் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. கொதிக்கும் கிளாஸை நீட்டிய கை அது; அங்கே போகும் நரம்பு கெட்டால் விரலுக்கும் சூடு தெரியாது. இத்தனை காலமும் நான் வியந்து பார்த்த கை.

அவர் கண்ணைத் திறந்தார். பஞ்சு எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

வெளியில் யாரோ டீ கேட்டுக் கூப்பிட்டார்கள். "இருங்க, வர்றேன்" என்று நடுங்காத குரலில் பதில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "டீ ஆத்தற கைங்க இது. வெளிய தெரிஞ்சா ஒருத்தன் இந்தக் கடையில வாய் வெக்க மாட்டான்."

"வெளிய தெரியாதுங்க. டாக்டர் ஒரு தடவ பாக்கட்டும். ஆரம்பந்தான், மருந்து சாப்பிட்டா குணமாயிடும். உங்க டீயக் குடிச்சு யாருக்கும் இது வராது."

ரவிக்கைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார். "அந்தப் புள்ளைக்கும் இதுதானுங்களா?"

"எந்தப் புள்ளைக்குங்க?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். "சரிங்க. நீங்க அப்படித்தான் சொல்லோணும். என்னையும் யாராச்சும் கேட்டா, இப்படியே சொல்லுங்க."

அன்றும் மறுநாளும் அந்த ஊரின் ஒவ்வொரு வாசலுக்கும் வண்டியை ஓட்டிப் போனேன். சிலர் திட்டினார்கள். ஒரு பெரியவர், "எங்க பரம்பரையிலயே அது இல்ல, வண்டிய எடுங்க" என்று கைத்தடியை நீட்டினார். எடுத்தேன், தடம் விழுந்த பிறகு. மாலையில் மேட்டின் மேல் நின்று பார்த்தபோது ஊர் முழுக்க மயில் கூட்டம் மேய்ந்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. மோட்டார் கொட்டாய்க்குப் போகும் தடம் அதில் ஒன்று, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நடந்ததைப் பெண்ணின் அம்மா பிறகு சொன்னார். மாரண்டஹள்ளிக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி டீக்கடையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா கீழே பார்த்து, "இதென்னங்க தடம், ஊரெல்லாம்?" என்று கேட்டிருக்கிறார். பெண்ணின் அப்பா அவர்களை அழைத்துப் போக வந்து பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அவருக்கு உயிரே போய்விட்டதாம்.

டீக்கடை அக்கா கிளாஸ்களை வைத்துக்கொண்டே சொன்னாராம். "அது நர்சம்மா வண்டிங்க. எல்லா வூட்டுக்கும் வந்து ஒடம்பு பாத்துட்டுப் போறாங்க. மொதல்ல என் வூட்டுக்குத்தான் வந்தாங்க. நீங்க டீயக் குடிங்க, நல்ல வூட்டுலதான் பொண்ணு எடுக்கறீங்க."

அடுத்த சனிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனேன். பின் டயரைக் கழற்றச் சொன்னேன்.

"ஏங்க, நல்லாத்தானே ஓடுது?" என்றார் கடைக்காரர். "கட்டிக் குடுத்து ரெண்டு மாசம்கூட ஆவுல, திருப்பிக் கொண்டாந்து உட்டா எப்படிங்க? என்ன கொறை கண்டீங்க?"

"கொறை ஒண்ணுமில்லீங்க. ஊருல எல்லாரும் போடற டயரக் குடுங்க."

"அது சேத்துல வழுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வழுக்கும்."

அவர் தலையிலடித்துக்கொண்டு கோடு போட்ட டயரை மாட்டினார். முதலில் நான் கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள்தான். ரிம், மட்கார்டு, முள், சேறு. ஆனால் இந்த வண்டி போன இடத்தை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அந்த வரிசையில் இல்லை. அதை இப்போது முதலில் வைத்தேன். மார்கழி முடிய இன்னும் பல முறை விழுந்தேன். மாத்திரை டப்பாவை மட்டும் மூடியோடு சேர்த்து ரப்பர் துண்டால் இறுகக் கட்டி, துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு விழப் பழகினேன்.

மார்கழிப் பனியில் அந்தப் பெண் ஆறாவது மாத மருந்தையும் விழுங்கினாள். தையில் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை, போகக் கூடாது.

டீக்கடை அக்காவை டாக்டர் பார்த்துவிட்டு, அவருக்கும் ஆறு மாத மருந்துதான் என்றார். வழக்கமாக நான் ஓர் இடம் தேட வேண்டும், வயலோ மரமோ. அக்காவுக்கு அது தேவைப்படவில்லை. டீக்கடைக்கு யார் போனாலும் யாரும் தடம் பார்ப்பதில்லை. நான் பெஞ்சில் உட்காருவேன். அவர் இப்போது துணி சுற்றிப் பிடித்து டீயை நீட்டுவார். காலிக் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்கடியில் மாத்திரை இருக்கும். உள்ளே போய் என் கண்ணில் படும் இடத்தில் நின்று விழுங்கிவிட்டு, வெளியே வந்து எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்பார்.

"என்ன நர்சம்மா, இன்னிக்கும் சேத்துல உழுந்தீங்களா?"